டிஎஸ்ஏ தனிநபர் படிப்புத் திறன் உதவி: பிரிட்டனில் படிக்கும் மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிஸ்லெக்சியா (வாசிப்பு, எழுத்துச் சிரமம்), ஏடிஎச்டி (கவனச்சிதறல், மிகைச்செயல்பாடு), ஆட்டிசம், பார்வை அல்லது செவிக் குறைபாடு, நாள்பட்ட உடல்நோய், மனநலப் பிரச்சினை ஆகியவற்றில் ஏதேனும் உள்ள பல்கலைக்கழக மாணவருக்கு, பிரிட்டனில் ஒரு சிறப்பு டியூட்டர் வாரந்தோறும் தனியாக உட்கார்ந்து, படிக்கும் முறையைக் கட்டித்தரும் தனிநபர் படிப்புத் திறன் உதவி என்ற ஏற்பாடு உண்டு. செலவை டிஎஸ்ஏ என்ற மாற்றுத்திறனாளி மாணவர் உதவித்தொகை ஏற்கிறது. விண்ணப்ப விவரங்கள் இங்கிலாந்துக்கானவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மாணவர்களுக்கு அவரவர் நிதி அலுவலகம் தனி. தொகையும் படிவமும் மாறும். டியூட்டருடன் நடக்கும் வேலை எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

இது டியூஷன்தானே?

இல்லை. எட்டு வயதிலிருந்து சனிக்கிழமை டியூஷனுக்கு அனுப்பிப் பழகிய வீடுகளில் இந்தக் குழப்பம்தான் முதலில் வரும். டியூஷன் ஆசிரியர் பாடத்தைச் சொல்லித் தருவார். இந்த டியூட்டருக்கு உங்கள் பாடமே தெரியாமல் இருக்கலாம். எந்திரப் பொறியியல் மாணவருக்கு வரலாறு படித்த ஒருவர் வருவது சாதாரணம். அவருக்குத் தெரிந்தது வேறு: படித்த பத்தி ஏன் மனதில் நிற்கவில்லை, எட்டு மணி நேரம் மேசையில் உட்கார்ந்தும் ஏன் அரைப் பக்கம்கூட வரவில்லை, பேசும்போது தெளிவாக இருப்பது எழுதும்போது ஏன் சிக்கிக்கொள்கிறது என்பவை. அந்தத் தடை எங்கே என்று கண்டுபிடித்து, அதைச் சுற்றி ஒரு வேலைமுறையை உங்களோடு சேர்ந்து அமைப்பதுதான் அவர் பணி. பாடம் புரியவில்லை என்றால் விரிவுரையாளரின் சந்திப்பு நேரத்துக்குப் போக வேண்டும். அங்கே என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதை வேண்டுமானால் டியூட்டரோடு தயார் செய்யலாம்.

யாருக்குக் கிடைக்கும்? வீட்டு வருமானம் பார்ப்பார்களா?

பார்ப்பதில்லை. திருப்பிக் கட்டவும் தேவையில்லை. 2010 சமத்துவச் சட்டம் சொல்லும் அளவுகோல்தான் அடிப்படை: அன்றாடச் செயல்களைக் கணிசமாகப் பாதிக்கும், 12 மாதங்களாவது நீடித்த அல்லது நீடிக்கக்கூடிய நிலை இருக்க வேண்டும். கூடவே அரசின் மாணவர் நிதிக்கான வதிவிடத் தகுதி வேண்டும். குடியுரிமை, நிரந்தர வதிவிடம், அகதி அந்தஸ்து என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிபந்தனைகள் உள்ளன. முழுநேரப் படிப்பின் வேகத்தில் 25 சதவீதமாவது இருந்தால் பகுதிநேர மாணவரும் கேட்கலாம். முதுநிலை மாணவரும் கேட்கலாம். ஆய்வு நிதிக் குழுவின் உதவித்தொகையில் பிஎச்டி செய்பவர்களுக்கு வழி வேறு. அவர்கள் தங்கள் பல்கலைக்கழகம் மூலம் அந்தக் குழுவிடம் கேட்க வேண்டும்.

2025–26 கல்வியாண்டுக்கு உச்சவரம்பு 27,783 பவுண்டு. இது கையில் கிடைக்கும் பணம் என்று எண்ண வேண்டாம். டியூட்டர் கட்டணம், மென்பொருள், கூடுதல் பயணச் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்த மேல் எல்லை அது. பெரும்பாலும் சேவை தருபவருக்கு நேரடியாகப் போய்விடும். கணினி பரிந்துரைக்கப்பட்டால் முதல் 200 பவுண்டு உங்களுடையது.

எப்படி விண்ணப்பிப்பது? எங்கே சிக்கிக்கொள்ளும்?

எல்லாம் முடிந்து உதவி கைக்கு வர 14 வாரங்கள் வரை ஆகலாம் என்று அரசே சொல்கிறது. செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது என்றால் வசந்த காலத்திலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். இடம் உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

1. ஆதாரத்தைத் திரட்டுங்கள் (அடுத்த கேள்வியைப் பாருங்கள்).
2. மாணவர் நிதிக் கணக்கு வழியே டிஎஸ்ஏ கேளுங்கள். கல்விக்கடன் வாங்காதவர்களுக்குத் தனிப் படிவம் உண்டு. வட்டி வேண்டாம் என்று கடனைத் தவிர்க்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கடன் வேண்டாம் என்றால் டிஎஸ்ஏவும் இல்லை என்பது தவறான எண்ணம்.
3. தகுதி உறுதியானதும் தேவை மதிப்பீடு என்ற சந்திப்பு நடக்கும். இது தேர்வு அல்ல. எதில் தடுமாறுகிறீர்கள், எது உதவும் என்ற உரையாடல், அவ்வளவுதான். 2024 முதல் இங்கிலாந்தில் நிதி அலுவலகம் ஒதுக்கும் நிறுவனமே உங்களைத் தொடர்புகொள்கிறது. அறியாத எண் என்று அழைப்பைத் துண்டிப்பது, மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்துகிடப்பது என இரண்டாலும் வாரக்கணக்கில் நாள் போகிறது.
4. மதிப்பீட்டு அறிக்கையை அனுப்பும் முன் வரைவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். தனிநபர் படிப்புத் திறன் உதவி அதில் இருக்கிறதா, எத்தனை மணி நேரம், நேரிலா இணையத்திலா என்று சரிபாருங்கள். வாரம் ஒரு மணி நேரம் என்ற கணக்கில் பரிந்துரைப்பது வழக்கம்.
5. உரிமைக் கடிதம் வரும். அதில் டியூட்டரை அனுப்பும் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அவர்களை நீங்கள்தான் அழைக்க வேண்டும்.

கடைசி வரியை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடிதம் வந்துவிட்டது, இனி யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து முதல் பருவத்தையே இழப்பவர்கள் ஏராளம். தொடங்குவதே சிரமம் என்று சான்று பெற்ற ஏடிஎச்டி மாணவரிடம் கடைசிப் படியைத் தனியாகச் செய் என்று விட்டுவைத்திருப்பது இந்த ஏற்பாட்டின் பெரிய முரண். பெற்றோர் உதவ விரும்பினால் இங்கே உதவலாம்: பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஒரு அழைப்பைச் செய்ய வையுங்கள்.

எந்த ஆதாரம் செல்லும்?

உடல்நோய், மனநலம், ஆட்டிசம், ஏடிஎச்டி போன்றவற்றுக்கு மருத்துவர் நிரப்பும் படிவம் அல்லது கடிதம்; அதில் நோயின் பெயர் மட்டும் போதாது, படிப்பை எப்படிப் பாதிக்கிறது என்றும் எவ்வளவு காலமாக என்றும் இருக்க வேண்டும். டிஸ்லெக்சியா, டிஸ்பிராக்சியா (உடலசைவு ஒருங்கிணைப்புச் சிரமம்) போன்றவற்றுக்கு ஜிபி (குடும்ப மருத்துவர்) கடிதம் செல்லாது. பதிவுபெற்ற உளவியலாளரோ, மதிப்பீட்டுச் சான்றிதழ் பெற்ற சிறப்பாசிரியரோ எழுதிய முழு அறிக்கை தேவை. 16 வயதுக்குப் பிறகு செய்ததாக இருக்க வேண்டும் என்ற பழைய விதி 2019இல் நீங்கிவிட்டது. தொடக்கப்பள்ளியில் எடுத்த அறிக்கையும் செல்லும். ஏ-லெவல் (பள்ளி இறுதி) தேர்வில் கூடுதல் நேரம் வாங்கப் பள்ளி நிரப்பிய படிவம் செல்லாது. பலரும் அதைத்தான் அனுப்பி, மறுப்பு வாங்குகிறார்கள்.

புதிதாக டிஸ்லெக்சியா மதிப்பீடு செய்ய சில நூறு பவுண்டு ஆகும், டிஎஸ்ஏ அதைத் தராது. பணம் கட்டும் முன் பல்கலைக்கழக மாற்றுத்திறனாளி சேவைப் பிரிவைக் கேளுங்கள். பாதியோ முழுதோ ஏற்கும் நிதி சில இடங்களில் உண்டு.

"தமிழில் நன்றாகத்தான் படித்தான். ஆங்கிலம் இரண்டாம் மொழி, அதனால்தான் தடுமாற்றம்." சரியா?

சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். அதனால்தான் மதிப்பீடு வேண்டும்.

தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரியும். வல்லினம் இடத்துக்கு ஏற்ப மாறி ஒலித்தாலும் அந்த மாற்றத்துக்கு ஒழுங்கு உண்டு. ஆங்கிலத்தில் அந்த ஒழுங்கு வெகு குறைவு. எழுத்தும் ஒலியும் இணைந்து போகும் மொழிகளில் டிஸ்லெக்சியா பெரும்பாலும் தப்பும் தவறுமாக வெளிப்படாது. மெதுவான வாசிப்பாகத்தான் வெளிப்படும். "கொஞ்சம் நிதானம், ஆனால் பிழையில்லாமல் படிப்பான்" என்று தமிழாசிரியர் சொன்ன பிள்ளை, பிரிட்டனில் வாரம் நூறு பக்கம் வாசிக்க வேண்டியபோது நொறுங்கிப்போவது இதனால்தான். அங்கே பிள்ளையின் ஆங்கிலத்தைக் குறை சொல்வதில் பயன் இல்லை.

நல்ல மதிப்பீட்டாளர் மொழி வரலாற்றைக் கேட்பார்: எந்த வயதில் எந்த மொழி, பள்ளி எந்த மொழியில், வீட்டில் என்ன பேச்சு. கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். தமிழில் வாசிக்கும் வேகம், எழுத்து வரிசை, வாய்ப்பாடு, வாரநாள் வரிசை, காதால் கேட்ட எண்ணைத் திரும்பச் சொல்வது ஆகியவற்றில் சிறுவயதிலேயே சிரமம் இருந்ததா என்பது முக்கியத் தடயம். இரண்டு மொழியிலும் ஒரே வகைத் தடுமாற்றம் இருந்தால் ஆங்கிலத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மாறாக, தமிழில் சரளமாக வாசித்து எழுதுபவர் ஆங்கிலத்தில் மட்டும் திணறினால், முதலில் பல்கலைக்கழகத்தின் மொழி வகுப்பை நாடுவதே நியாயம். அதற்கு டிஎஸ்ஏ பணம் தராது.

முதல் சந்திப்பில் என்ன நடக்கும்? என்ன எடுத்துப் போக வேண்டும்?

எல்லா மாட்யூல் (பாடப்பிரிவு) கையேடுகளும், அசைன்மென்ட் கெடு தேதிகளும், பழைய கட்டுரை ஒன்று ஆசிரியரின் குறிப்புகளோடும், முடிந்தால் மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டும். அறிக்கையை டியூட்டருக்குக் கட்டாயம் காட்ட வேண்டியதில்லை, ஆனால் காட்டினால் இரண்டு வாரம் மிச்சம். 'செயல் நினைவு (வேலையின் நடுவே விவரங்களை மனதில் பிடித்துவைக்கும் திறன்) குறைவு, சொல்வளம் அதிகம்' என்ற ஒரு வரியே அவருக்குப் பாதி வழி: பேசவிட்டு அதைப் பதிவு செய்து எழுத வைக்கலாம் என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் முதல் மணி நேரத்தில் பருவம் முழுவதும் ஒரே தாளில் வரும். வாரங்கள் மேலிருந்து கீழாக, மாட்யூல்கள் குறுக்காக, கெடுக்கள் சிவப்பில். மூன்று கெடு ஒரே வாரத்தில் மோதுவது அப்போதுதான் கண்ணில் படும். அந்த மோதல் அக்டோபரிலேயே தெரிந்தால் நீட்டிப்பு கேட்கவும் முன்கூட்டியே தொடங்கவும் வழி உண்டு. டிசம்பரில் தெரிந்தால் செய்வதற்கு அதிகம் இல்லை.

கட்டுரை எழுத எப்படி உதவுவார்?

எடுத்துக்காட்டாக, 2,500 சொல் கட்டுரை, கையில் ஐந்து வாரம். கேள்வி: "1948க்குப் பிறகு இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவை உடல்நல ஏற்றத்தாழ்வை எந்த அளவுக்குக் குறைத்திருக்கிறது? விமர்சன நோக்கில் ஆராய்க."

முதலில் கேள்வியை மூன்று நிறத்தில் பிரிப்பார்கள். செய்யச் சொல்வது என்ன (எந்த அளவுக்கு, விமர்சன நோக்கில் ஆராய்க), எதைப் பற்றி (ஏற்றத்தாழ்வு), எல்லை எது (1948க்குப் பிறகு, இங்கிலாந்து மட்டும்). சேவையின் வரலாற்றை அழகாக எழுதி 45 மதிப்பெண்ணோடு திரும்பும் மாணவர்கள் தடுக்கி விழுந்தது 'எந்த அளவுக்கு' என்ற இடத்தில். அந்தச் சொல் ஒரு தீர்ப்பைக் கேட்கிறது: இதில் குறைத்தது, இதில் குறைக்கவில்லை, காரணம் இது.

அடுத்து சொல் கணக்கு. முன்னுரை 250, முடிவு 250, மீதி 2,000. அதை நான்காகப் பிரித்தால் தலா 500. அதாவது மூன்று பத்தி. இப்போது '2,500 சொல்' என்ற மலை 'இன்றைக்கு ஒரு 170 சொல் பத்தி' என்று சுருங்கிவிடுகிறது. நாட்கணக்கைப் பின்னாலிருந்து போடுவார்கள். கெடு வெள்ளி நண்பகல் என்றால் சொந்தக் கெடு புதன். அதற்கு முந்தைய நான்கு நாள் திருத்தத்துக்கு, அதற்கு முந்தைய பத்து நாள் எழுத்துக்கு. வாசிப்புக்கு நிறுத்தத் தேதி போடுவது மிக முக்கியம். "இன்னும் ஒரு கட்டுரை வாசித்துவிட்டுத் தொடங்குகிறேன்" என்பதில்தான் வாரங்கள் கரைகின்றன.

குறிப்பு எடுக்க ஒரு கட்டம். இடப்பக்கம் நூல்கள், மேலே கருப்பொருள்கள் (வருமானம், வட்டாரம், இனம், காத்திருப்பு நேரம்). ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு கருப்பொருள் பற்றிச் சொன்னதை அந்தந்தக் கட்டத்தில் ஒரே வரியில் பக்க எண்ணோடு எழுத வேண்டும். பிறகு பத்தி எழுதும்போது வரிசையை விட்டுவிட்டு நெடுக்காக, ஒரு கருப்பொருளை மேலிருந்து கீழாக எடுக்க வேண்டும். வரிசைப்படி எழுதினால் 'இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்' என்ற பட்டியல்தான் வரும். 'இதில் விமர்சனம் இல்லை' என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதுவது பெரும்பாலும் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். காலியாகக் கிடக்கும் கட்டங்களும் செய்தி சொல்லும்: அந்தக் கருப்பொருளுக்கு இன்னும் வாசிக்க வேண்டும், அல்லது அதைக் கைவிட வேண்டும்.

வாசித்தது எதுவும் மனதில் நிற்கவில்லையே?

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறீர்கள், அதுதான் சிக்கல். ஆய்வுக் கட்டுரையை அப்படி வாசிக்க வேண்டாம். சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, துணைத்தலைப்புகள், முடிவுரை என்ற வரிசையில் பத்து நிமிடம். பிறகு தாளில் ஒரு கேள்வி: இதிலிருந்து எனக்கு என்ன வேண்டும்? அதற்கான பகுதியை மட்டும் நிறுத்தி வாசியுங்கள். கட்டுரை முழுக்க மஞ்சள் கோடு போடுவது வாசித்தது போன்ற நிம்மதியைத் தருமே தவிர, நினைவில் ஏற்றாது. ஒரு பக்கம் முடிந்ததும் மூடிவிட்டு உங்கள் சொல்லில் ஒரு வரி சொல்லுங்கள். தமிழில் சொன்னாலும் சரி. சொல்ல வரவில்லை என்றால் அந்தப் பக்கம் புரியவில்லை என்று பொருள்.

டிஸ்லெக்சியா உள்ளவருக்குக் காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் தொடர்வது பெரிய ஆறுதல். டிஎஸ்ஏவில் ரீட் அண்ட் ரைட், கிளாரோரீட் போன்ற வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் கிடைக்கலாம். கிடைக்கும்வரை விண்டோஸ் வேர்டில் கன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உரையை வாசித்துக் காட்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் வசதி இல்லாத மென்பொருள் அதை வாசிக்காது. அது உரை அல்ல, படம். எழுத்தைச் சுட்டியால் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நூலகத்திடம் வாசிக்கத்தக்க பிரதி கேளுங்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். ஆனால் தொடங்கவே முடியவில்லை.

ஏடிஎச்டி மாணவர்கள் சொல்வது பெரும்பாலும் இதே வாக்கியம்தான். 'மனசு வைத்தால் முடியும்' என்ற அறிவுரை இங்கே உதவாது. அதை வீட்டில் போதுமான அளவு கேட்டிருப்பார்கள்.

டியூட்டர் செய்வது தொடக்கத்தைச் சிறிதாக்குவது. 'கட்டுரை எழுது' என்பது வேலையின் பெயர் அல்ல, திட்டத்தின் பெயர். 'கோப்பைத் திற, தலைப்பும் மூன்று துணைத்தலைப்பும் தட்டு' என்பதுதான் வேலை. சந்திப்பு முடியும் முன்பே அந்த முதல் செயலை அங்கேயே செய்துவிட்டால், வீட்டுக்குப் போனதும் வெள்ளைத் தாள் இருக்காது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற கடிகார முறை சிலருக்குப் பொருந்தும். சிலருக்கு 25 நிமிடம் என்பது சூடு பிடிக்கும் நேரம்தான். அவர்களை மணி அடித்து எழுப்புவது கெடுதல். இரண்டு பேர் தத்தம் வேலையை ஒரே அறையிலோ ஒரே வீடியோ அழைப்பிலோ மௌனமாகச் செய்வது வியக்கத்தக்க அளவு பலிக்கும்.

இன்னொரு பயிற்சி: ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்னால் எழுதி, ஆன நேரத்தைப் பின்னால் எழுதுவது. மூன்று வாரத்தில் உங்கள் பெருக்கல் எண் தெரிந்துவிடும். ஒரு மணி நேரம் என்று நினைத்தது எப்போதும் இரண்டரை மணி ஆகிறது என்றால், இனி திட்டத்தை இரண்டரையால் பெருக்கிப் போடுங்கள். உங்களைத் திருத்துவதைவிடக் கணக்கைத் திருத்துவது எளிது.

ஆட்டிசம் உள்ளவருக்கு வேறு மாதிரி நடக்குமா?

நடக்க வேண்டும். கேள்வியில் சொல்லாமல் விட்டதை ஊகிக்கச் சொல்லும் இடங்களை ('விவாதிக்கவும்', 'பொருத்தமான எடுத்துக்காட்டுகளுடன்') டியூட்டர் வெளிப்படையாக எழுதிக்காட்டுவார்: எத்தனை எடுத்துக்காட்டு, எவ்வளவு நீளம். ஊகிக்க முடியாததை ஆசிரியரிடம் கேட்க ஒரு மின்னஞ்சல் தயாராகும். குழு வேலையில் யார் எதை எந்தத் தேதிக்குள் என்பதை எழுத்தில் பெறக் கற்பிப்பார். என்ன பேசப்போகிறோம் என்று சந்திப்புக்கு முந்தைய நாளே அனுப்பச் சொல்லலாம், கேமராவை அணைக்கலாம், அதே அறை, அதே நேரம் என்று கேட்கலாம். எதற்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

பார்வை, செவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு?

பார்வையற்ற மாணவருக்குப் பெரும் நேரம் போவது ஆவணங்களைக் கையாள்வதில். ஜாஸ், என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் தலைப்புகளைப் பிடித்துத் தாவும்; ஆனால் வேர்டில் தலைப்புப் பாணியைப் பயன்படுத்தாமல் வெறுமனே எழுத்தைத் தடித்ததாக்கியிருந்தால் தாவ முடியாது. தன் வரைவிலும் அந்தப் பாணிகளைப் பயன்படுத்தப் பழகினால், நாற்பது பக்க ஆய்வேட்டில் வழிதவறாது. ஆர்என்ஐபி புக்‌ஷேர் வழியே பாடநூல்கள் கிடைக்கின்றனவா என்று நூலகத்தில் கேளுங்கள்.

காது கேளாத மாணவர்களுக்கு, சைகைமொழி தெரிந்த டியூட்டரையோ காது கேளாதோர் கல்வியில் பயிற்சி பெற்றவரையோ மதிப்பீட்டின்போதே கேளுங்கள். சாதாரண டியூட்டரோடு நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் என்றால் ஒரு மணி நேரத்தில் பாதி அதிலேயே போய்விடும்.

என் கட்டுரையைத் திருத்தித் தருவாரா?

மாட்டார். திருத்தினால் அது கல்வி முறைகேடு ஆகலாம், மாட்டுவது நீங்கள்தான். ஒரு பத்தியை எடுத்து, உங்களுக்கு அடிக்கடி வரும் பிழை எது என்று காட்டுவார். மீதியில் நீங்கள் தேட வேண்டும். ஒரே வாசிப்பில் எல்லாப் பிழையையும் பிடிக்க முயல்வதுதான் தோல்விக்குக் காரணம். முதல் சுற்றில் பத்தி வரிசை மட்டும், அடுத்ததில் வாக்கியங்களைக் கணினி வாசிக்கக் கேட்டபடி, கடைசியில் உங்கள் பிழைப் பட்டியலும் மேற்கோள்களும். கண் தாண்டிப்போகும் விடுபட்ட சொல்லைக் காது பிடித்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு பற்றி: விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மட்டுமல்ல, மாட்யூலுக்கு மாட்யூல் மாறுகிறது. கையேட்டில் பாருங்கள். எழுதும் கோப்பில் பதிப்பு வரலாற்றை இயக்கி வையுங்கள். சந்தேகம் எழுந்தால் உங்கள் உழைப்புக்கு அதுவே சாட்சி.

தேர்வில் கூடுதல் நேரம் இவர் வாங்கித் தருவாரா?

இல்லை, அது மாற்றுத்திறனாளி சேவைப் பிரிவின் வேலை. தேர்வுக்குப் பல வாரங்கள் முன்பே அதற்குக் கடைசித் தேதி இருக்கும். பரவலாகக் கிடைப்பது 25 சதவீதம், அதாவது மணிக்கு 15 நிமிடம். கிடைத்ததை என்ன செய்வது என்பதுதான் டியூட்டரோடு பேச வேண்டியது. இரண்டு மணித் தேர்வில் கிடைக்கும் 30 நிமிடத்தைக் கடைசியில் இன்னும் இரண்டு பக்கம் எழுதச் செலவிட்டால் களைப்புதான் மிச்சம். கேள்வியை இரண்டு முறை வாசிக்கப் பத்து, விடைக்கு வரைபடம் போடப் பத்து, திருத்தப் பத்து என்று ஒதுக்கிப் பழைய வினாத்தாளில் பழகுங்கள். வலி, சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்குக் கூடுதல் நேரத்தைவிட, கடிகாரத்தை நிறுத்தித் தரும் ஓய்வு இடைவேளை பயன்படும். கேட்டால்தான் கிடைக்கும்.

மென்டர் என்பவரும் இவரும் ஒருவரா?

வேறு வேறு. மென்டர் பதற்றம், தனிமை, அன்றாட ஒழுங்கு போன்றவற்றைப் பார்ப்பார். இரண்டும் சிலருக்குக் கிடைக்கும்.

பெற்றோர் டியூட்டரிடம் பேசலாமா?

18 வயது ஆனவர் சம்மதிக்காமல் அவர் உங்களிடம் எதுவும் சொல்ல முடியாது, மகள் வருகிறாளா என்பதைக்கூட. நிறையப் பெற்றோருக்கு இது கசப்பாகத்தான் இருக்கிறது. கட்டணம் நீங்கள் கட்டினாலும் விதி மாறாது.

சான்றிதழில் வருமா? வேலை கிடைக்காதா? மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியுமா?

பட்டத்திலோ மதிப்பெண் பட்டியலிலோ ஒரு சொல்லும் வராது. வேலைக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். மருத்துவம், செவிலியம், ஆசிரியப் பயிற்சி போன்ற தொழிற்படிப்புகளில் மட்டும் பணிபுரியும் தகுதி பற்றிய கேள்விகள் தனியாக வரும். அங்கே மறைப்பதுதான் ஆபத்து, நிலைமை இருப்பது அல்ல.

இங்கே ஒரு சட்ட விவரம் தெரிந்திருக்க வேண்டும். மாணவருக்கு இருக்க வேண்டிய அடிப்படைத் திறனை 2010 சட்டம் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திறனைச் சோதிக்கும் முறையை நியாயமான அளவில் மாற்ற வேண்டும். வாய்மொழித் தேர்வுகளை எதிர்கொள்ள முடியாத இயற்பியல் மாணவி ஒருவரின் மரணத்தைத் தொடர்ந்து பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்கு எதிராக நடந்த வழக்கில், 2022இல் கவுன்டி நீதிமன்றமும் மேல்முறையீட்டில் 2024இல் உயர் நீதிமன்றமும், பல்கலைக்கழகம் நியாயமான மாற்றங்களைச் செய்யத் தவறியதை உறுதிசெய்தன. 'எங்கள் துறையில் இப்படித்தான் தேர்வு' என்ற பதில் இனி போதாது.

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மாணவர் விசாவில் வருகிறேன். எனக்கு உண்டா?

டிஎஸ்ஏ இல்லை. ஆனால் சமத்துவச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். நியாயமான மாற்றங்களைச் செய்யும் கடமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு. தங்கள் சொந்தப் பணத்திலிருந்து தனி டியூட்டர் தரும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. மணி நேரம் குறைவாக இருக்கலாம். இடம் ஏற்கும் முன்பே மாற்றுத்திறனாளி சேவைப் பிரிவுக்கு எழுதி, 'வெளிநாட்டு மாணவருக்கு வாரம் எத்தனை மணி, யார் பணம் தருவது?' என்று நேராகக் கேளுங்கள். பதில் மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்திய மாணவர்கள் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை மட்டும் அனுப்பினால் பெரும்பாலும் போதாது. அதில் வகையும் சதவீதமும் இருக்கும். படிப்பில் என்ன பாதிப்பு என்று இருக்காது. ஊரை விட்டுக் கிளம்பும் முன் மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ ஆங்கிலத்தில் அறிக்கை வாங்குங்கள்: செய்த சோதனைகளின் பெயர், மதிப்பெண், தேதி, பள்ளியில் தந்த சலுகைகள், கையொப்பம், பதிவு எண். இங்கே வந்தபின் வாங்கினால் செலவு கூடலாம்.

உடல்நிலை மோசமாகி படிப்பை இடைநிறுத்த நினைத்தால், துறைக்குச் சொல்லும் முன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தைப் பாருங்கள். இடைநிறுத்தம் விசாவைத் தொடும்.

இரண்டு வாரம் போகவில்லை. இனிப் போக வெட்கமாக இருக்கிறது.

போங்கள். டியூட்டர்கள் இதை எதிர்பார்த்தே இருக்கிறார்கள். நோய் ஏறி இறங்கும் மாணவருக்கு 'திரும்பி வரும் திட்டம்' என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுண்டு: முதலில் யாருக்கு ஒரு வரி மின்னஞ்சல், எந்த அசைன்மென்ட் முதலில், எதைக் கைவிடலாம். ஒரு மணி நேரம் தாங்காவிட்டால் அரை மணி கேளுங்கள்.

வர முடியாவிட்டால் 24 மணி நேரம் முன்பே சொல்வது நல்லது; கடைசி நேர ரத்து உங்கள் கணக்கிலிருந்து கழியலாம். நடந்த சந்திப்புக்கு மட்டுமே நேரத்தாளில் ஒப்பமிடுங்கள், வெற்றுத் தாளில் வேண்டாம்.

மீதமான மணி நேரம் அடுத்த ஆண்டுக்குச் சேருமா? போதாவிட்டால்?

சேராது. போதாவிட்டால் தேவை மதிப்பீடு செய்தவரிடம் கூடுதல் நேரம் கேட்கலாம். ஆய்வேடு, புதிய நோயறிதல் போன்ற காரணம் எழுத்தில் வேண்டும். அனுமதி வரும்வரை சில வாரம் ஆகும் என்பதால், கடைசி ஐந்து மணி நேரம் இருக்கும்போதே கேளுங்கள்.

டியூட்டர் எனக்கு ஒத்துவரவில்லை.

மாற்றிக்கொள்ளலாம். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதில்லை. நான்கு சந்திப்புக்குப் பிறகும் ஒவ்வொரு வாரமும் அவரே பேசி நீங்கள் தலையாட்டிக்கொண்டிருக்கிறீர்கள், வீட்டில் தனியாக உட்காரும்போது எதுவும் மாறவில்லை என்றால் கேட்கத் தயங்க வேண்டாம். ஆனால் அவர் உங்கள் கட்டுரையைத் திருத்த மறுக்கிறார் என்பது மட்டுமே காரணம் என்றால், அடுத்து வருபவரும் அதையேதான் செய்வார்.